டப்ளினிலிருந்து வந்த ஒரு வரி

துவாரகா, டெல்லி
வியாழக்கிழமை

அன்புள்ள ஜ்யோத்ஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் வலி கூடக் குறைந்திருக்கிறது. நீயும் அந்த டப்ளின் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லத் தைரியம் வராததால் காகிதத்தில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். புசா ரோடு பள்ளியில் படித்த தமிழ் உனக்கு மறந்திருக்காது, கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

உன்னிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். உனக்கு நிச்சயம் செய்யவிருக்கும் அச்சுதன் அங்கே வேலை பார்க்கும் இடத்து மேலதிகாரி அம்மாளுக்கு, பையன் எப்படிப்பட்டவன் என்று கேட்டு மெயில் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. 'ஐ கேனாட் ஸ்பீக் டூ ஹைலி ஆஃப் ஹிம்' என்று எழுதியிருந்தாள். அவனை அவ்வளவாக உயர்த்திப் பேச என்னால் முடியாது என்றுதான் எனக்குப் புரிந்தது. முப்பத்து நாலு வருஷம் அமைச்சகத்தில் கோப்பு பார்த்தவன் நான், ஒருவனைப் பற்றிக் கெட்டதை எப்படி மரியாதையாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்கிற மிதப்பு. அன்றிலிருந்து எல்லாவற்றிலும் சந்தேகம். போன வாரம் அச்சுதன் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறான், யாரோடு வெளியே போகிறான் என்றெல்லாம் உன்னைத் துளைத்தேனே, அது இதனால்தான். நீ சிரித்ததைக்கூட எதையோ மறைக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன். அவன் அப்பா பத்மநாபனைக் கூப்பிட்டு, நிச்சயதார்த்தத்தைத் தள்ளி வைப்போம், காரணம் கேட்காதீர்கள், குழந்தைகளுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவிடம் அந்த மெயிலைக் காட்டியபோது அவள் கடைசி வரியில் விரல் வைத்தாள். அச்சுதன் டெல்லிக்கு மாற்றலாகிப் போனால் எங்களுக்குப் பெரிய இழப்பு என்று அதில் இருந்தது. "போறானேன்னு வருத்தப்படறவ, அவனை மட்டமா எழுதுவாளோ?" என்று கேட்டாள். கீழ்வீட்டு ஆல்பர்ட் சாரிடம், இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர், கொண்டுபோய்க் காட்டினேன். எவ்வளவு புகழ்ந்தாலும் அது அதிகமாகாது என்று அர்த்தம், இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றார். அவர் பத்மநாபனோடு பார்க்கில் நடக்கிறவர் ஆயிற்றே என்று அவரையும் நம்பவில்லை. நல்லவனா கெட்டவனா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அந்த அம்மாளுக்கே மறுபடி எழுதினேன். என்னோடு வேலை செய்தவர்களில் அவனே சிறந்தவன், என் வார்த்தை உங்களைக் குழப்பியிருந்தால் மன்னியுங்கள் என்று பதில் போட்டிருந்தாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், பார்.

நேற்றுக் காலை பத்மநாபன் வீட்டுக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பத்து நாளா என் பிள்ளை என்ன தப்பு பண்ணினானோன்னு அவனையே சந்தேகப்பட்டுண்டு இருந்தேன், வைத்தி. அவன் போன் பண்ணினாக்கூட சரியா பேசலை" என்றார். ஜ்யோத்ஸ்னா, ஒரு வரியை நான் தப்பாகப் படித்ததில் ஒரு அப்பா தன் பிள்ளையோடு சரியாகப் பேசாமல் இருந்திருக்கிறார். இங்கிலீஷ் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு மனசு வரவில்லை. புரியாத வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருக்கலாம். கெட்டதாகவே இருக்கும் என்று முடிவு கட்டியது நான்தான்.

அச்சுதனின் அம்மா, மாமி, காப்பி கொடுத்தாள், நிச்சயதார்த்தம் பழைய தேதியிலேயே நடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் அச்சுதனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவன் வேண்டாம் என்றால் அது அவன் நியாயம்.

நீங்கள் இருவரும் மனம் ஒத்து நீண்ட நாள் நன்றாக இருக்க ஆசீர்வாதம். ஞாயிறு காலை நாங்கள் எல்லோரும் பத்மநாபன் வீட்டில் இருப்போம். மறக்காமல் அச்சுதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடு. போனை முதலில் அவனிடம் கொடு.

அன்புடன் அப்பா,
வைத்தியநாதன்