ஏரிக்கரை மாளிகை

மச்சான்,

நேற்றுக் காலை எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போர்த்துக்கீசப் பெண் கதவைத் தட்டினாள். கீழறையில் சலவை இயந்திரத்தின் குழாய் வெடித்துத் தண்ணீர் நிற்கிறதாம், உன் சாமானை எடு என்றாள். படியில் இறங்கும்போதே மணம் மூக்கில் அடித்தது. வச்சிரப்பசை! நீ வர்ணப்பொடியைக் குழைக்கும் அதே பசை. ஐயோ, நீ கீறிய நாடகத் திரை, உன்னுடைய சீன் என்று ஓடினேன்.

சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தேன். விரித்தால் சாயமெல்லாம் ஓடி ஒரே சேறு. நாலு வருசமாகக் காவல் காத்த லட்சணம் இது என்று நீ பல்லைக் காட்டுவாய். காட்டு. எனக்கு அந்த ஈரத்துக்குள் குந்தியிருந்து அழத்தான் முடிந்தது.

ஊரிலிருந்து நீ இந்த லோசான் நகருக்கு வந்த முதல் கிழமை உன்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். வந்தவர்கள் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். நீ எடுக்க விடவில்லை. ஏரி, அப்பால் பனிமலை, கரையில் அன்னங்கள். பேயறைந்தவன் போல நின்றாய்.

"மச்சான், நான் இதை எத்தினை தரம் கீறினனான் தெரியுமோ?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நம் ஊர்க் கோயிலடி நாடக மேடையின் ராசமாளிகை சீன்! உருண்டைத் தூண்கள், சிவப்புப் பட்டுத் திரை, நடுவில் பெரிய யன்னல், யன்னலுக்கு வெளியே இதே ஏரியும் இதே மலையும். போன நூற்றாண்டில் வெள்ளைக்காரன் காலத்து நாடகக் கொம்பனிகள் கொண்டு வந்த படம். அதைப் பார்த்து இன்னொருவன் கீறி, அவனைப் பார்த்து நீ கீறி, எங்கள் ஊரில் எந்த அரசன் மேடையேறினாலும் அந்தத் தூணுக்கு நடுவில்தான் உட்கார்ந்தான். பனியையே காணாத நீ பனிமலை கீறிக்கொண்டிருந்தாய். முதலில் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நீ சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை ஓவிய மண்டபத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே போன நூற்றாண்டுப் படங்கள். தலைப்பாகைக்காரர், யானை, விசிறி, தரையில் படுத்துக் கிடக்கும் பெண்கள். காவலுக்கு நின்றவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாய்: "பாத்தியோ, இவங்கள் எங்களைக் கீறினால் யானையும் விசிறியும். நாங்கள் எங்களைக் கீறினால் இவங்கட வீடு. நிலத்தைத்தான் துவக்கைக் காட்டிப் பிடிச்சவங்கள். இந்தப் படத்தை நாங்களே காசு குடுத்து வாங்கிக் கட்டினனாங்கள்."

அந்த வருசம் இங்குள்ள நம் தமிழ் மன்றத்து ஆண்டுவிழாவுக்கு நாடகம் போடுவதாக இருந்தது. வெள்ளைக்காரனுக்குத் திறை கட்ட மறுத்து, கடைசியில் காட்டுக்குள் செத்துப்போன ஒரு வன்னி அரசனின் கதை. நான் அரசன், நீ சீன். "இதை மட்டும் என்ரை மண்டையிலிருந்து கீறப் போறன் மச்சான். வாழ்க்கையிலை ஒண்டாவது" என்றாய். ஆசுபத்திரியில் கூட்டித் துடைத்துவிட்டு வந்து, கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தின் கீழறையில் முழங்காலில் நின்று கீறினாய். மண்சுவர், பனங்கைமரம், ஓலைக்கூரை. பின்னால் குளக்கட்டு, மருதமரம். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அந்த நாயை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மன்றத் தலைவர் வந்து பார்த்தார். முகம் கறுத்துப் போனது. "தம்பி, இதென்ன மாட்டுக்கொட்டிலோ? நகரசபை ஆக்கள் வருகினம். எங்கட அரசன் மண்வீட்டிலை இருந்தவன் எண்டு அவைக்குக் காட்டுறதோ? எங்களுக்கும் மாளிகை இருந்தது எண்டு தெரிய வேணும். அப்பதான் எங்களை மதிப்பினம்."

"அண்ணை, அந்த மண்வீட்டிலை இருந்துதான் அவன் திறை இல்லை எண்டு சொன்னவன்" என்றாய் நீ.

"வரலாறு எனக்குப் படிப்பிக்காதையும். மாளிகை இல்லாட்டில் நாடகம் இல்லை."

நானும் வாய் கிழியக் கத்தினேன். எவன் கேட்டான்? செயற்குழு முழுக்க அவர் பக்கம். வேலையும் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் ஒத்திகைக்கு வந்த பிள்ளைகளை நினைத்துத்தான் நீ இறங்கிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மேலே எல்லோரும் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, கீழே நீ உன் கூரையின் மேல் வெள்ளை அடித்தாய். நாயின் மேலும் அடித்தாய். வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். பிறகு பாராமலே தூண்களைக் கீறினாய். யன்னல், ஏரி, மலை. கை தானாகவே போனது.

விழாவன்று நகரசபை அம்மா மேடையேறி அப்படியே உருகிப்போனார். எங்கள் ஏரியை எவ்வளவு அன்போடு வரைந்திருக்கிறீர்கள், நீங்கள் இந்த மண்ணோடு ஒன்றிவிட்டீர்கள் என்றார். மண்டபம் கைதட்டியது. தலைவருக்கு வாயெல்லாம் பல். வெள்ளைக்காரனை எதிர்த்துச் செத்த அரசனான நான் மட்டைக் கிரீடத்தோடு பக்கத்தில் விறைத்துப்போய் நின்றேன். திரைக்குப் பின்னால் நீ சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நீ தூரிகை தொடவில்லை.

அடுத்த பனிக்காலத்திலேயே, காலை வேலைக்குப் போகும் வழியில், பஸ் தரிப்பிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். ஐந்து பிள்ளைகள் பெற்ற உன் அம்மாவாலோ, உன் கூடப்பிறந்தவர்களில் ஒருவராலோ வந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழமைப்படி செத்தவீட்டை வீடியோ எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்தோம். தலைவரும் வந்தார், நல்ல மனதோடுதான் வந்தார், பாவி மனிதன். "கலைஞனுக்கு மரியாதை செய்ய வேணும்" என்று சொல்லி, அந்தச் சீனைக் கொண்டுவந்து உன் பெட்டிக்குப் பின்னால் கட்டினார். உன்னைச் சுற்றி அழுதுகொண்டு நிற்பவர்களிடையே நான் என்ன சண்டை பிடிப்பது? மாளிகைக்குள் படுத்துக் கிடந்தாய். முடிந்ததும் சீனைக் கழற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே இருந்தது மாளிகை என்றாலும், கீழே உன் நாய் படுத்திருந்ததே.

அம்மா அப்போது இடம்பெயர்ந்து கொழும்பில் யாரோ வீட்டு அறையொன்றில் இருந்தார். கண்ணில் வெண்படலம். கசெற் கிடைத்ததும் தொலைபேசியில் அழுதார். அழுது முடித்துச் சொன்னார்:

"தம்பி, யன்னலுக்காலை ஏரியும் மலையும் தெரிஞ்சது. என்ரை பிள்ளை நல்ல வீட்டிலைதான் இருந்திருக்கிறான், என்ன?"

நீ இருந்தது நிலக்கீழ் அறை. யன்னலைத் திறந்தால் போகிறவர்களின் சப்பாத்து. சொல்லு மச்சான், நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஓம் அம்மா" என்றேன்.

இப்போது நூற்றாண்டே முடியப் போகிறது. நேற்றுப் பின்னேரம் துணியைப் பிழிந்து கொடியில் போட்டேன். தூணும் போய்விட்டது, உன் ஓலைக்கூரையும் போய்விட்டது. நாய் இருந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து மேலே தொலைபேசி அடித்தது. அம்மாதான், நத்தார் வாழ்த்துச் சொல்ல. வழமையாகக் கேட்பதையும், நான் வழமையாக மழுப்பிவிடுவதையும் கேட்டார்.

"அந்த ஏரிக்கரை மாளிகையிலை இப்ப ஆர் தம்பி இருக்கினம்?"

கையில் இன்னும் பசை மணந்துகொண்டிருந்தது.

"நான்தான் இருக்கிறன் அம்மா" என்றேன்.