நம் வாசலில் இறங்கிய பெட்டி

குன்சான், டிசம்பர்

அன்பு மகளே,

தனியாக வாழும் முதியவர்களுக்காக எங்கள் சேவைச் சங்கத்தில் இந்த வருடமும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். அப்பா நின்று முட்டைக்கோசு அலசும் இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

மாலையில் பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். கடைசியில் வேன் நம் வீட்டு முன்னால் நின்றது.

"இங்க யாருக்கு?" என்று கேட்டேன்.

சங்கத் தலைவி ஒக்சுன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குத்தான்க்கா. மாமா போனப்புறம் நீங்களும் தனியாத்தானே இருக்கீங்க."

"எனக்கு மக இருக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் காரியத்துக்கு உனக்கு விடுப்புக் கிடைக்காததை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இன்று கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருக்கிறது. ஒருத்திக்கு ரொம்ப அதிகம். வசந்தம் வரை கெடாது.

உன் அம்மா