இரண்டு இடதுகால் மாடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? எலும்பைத் தொட்ட கையோடு சாப்பிடுகிறாளே என்று இனிமேல் முகம் சுளிக்காதே. இப்போது எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தத் தேவையான மாட்டெலும்பையெல்லாம் மெஷினே பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தந்துவிடுகிறது. நாற்றமே கிடையாது.

நேற்று என் மாணவர்கள் அந்த எலும்புகளைக் கோத்து முதல் மாட்டை நிறுத்தினார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது எந்நேரமும் தூங்கி வழியும் கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, “மேடம், முன்னங்கால் ரெண்டுமே இடதுகாலா இருக்கே, மாடு எப்படி நடக்கும்?” என்றாள். இடதுகால் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட்டால்தான் வலதுகால் வரும். திருப்ப மறந்தது நான்தான். அசடு வழிய நின்றேன். வகுப்பே சிரித்தது, பிறகு நானும் சிரித்தேன். தூங்குமூஞ்சியையே எழுப்பிய மாடாயிற்றே, அதைப் பிரிக்க மனம் வரவில்லை.

அம்மா, உன் முழங்காலுக்கு எடுத்த ஸ்கேன் சிடியைத் தம்பியிடம் சொல்லி அனுப்பி வை. அச்சிட்டு என் மேசைமேல் வைத்துக்கொள்கிறேன்.

மணியடித்துவிட்டது, ஓடுகிறேன். மெஷினில் உன் முழங்கால் வரும், நான் தலைசாய்க்க உன் மடி வராது. அதற்கு நான்தான் வரவேண்டும்.

உன் மகள்