ராக்காயியின் கோடு

14.6.57, வெள்ளி. லிந்துலைத் தேயிலைத் தோட்டம்.

ரெண்டு பேர் பறிச்ச கொழுந்து மணிக்கு மணி எவ்வளவு சேருதுன்னு கோடா வரைஞ்சு காட்டச் சொன்னார் தொரை. காமாட்சி விடியவே மலையேறுவா, அவ கோடு மேலே தொடங்குது. ராக்காயி, புள்ளைகளை விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல கைக்குழந்தைக்குப் பால் குடுத்துட்டுப் பிந்தி வர்றவ, அவ கோடு கீழே.

"இவ சோம்பேறி. அரைப்பேர் போடு, பாதிச் சம்பளம் போதும்"ன்னார்.

கிளாக்கர் நான், வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "சரிவைப் பாருங்க தொரை. ராக்காயி கோடுதான் செங்குத்தா ஏறுது. அவ கைதான் வேகம்"ன்னேன்.

உத்துப் பார்த்துச் சிரிச்சார். "அப்போ பால் குடுக்கிற நேரமும் பறிக்கட்டும். காலையில இனிப் பால் கிடையாது."

கேட்டுக்கிட்டு நின்ன பியூன் ராக்காயிகிட்ட பாதிதான் சொல்லியிருக்கான் போல. சாயங்காலம் வந்து கும்பிட்டா. "எனக்காகப் பேசுனீங்களாமே, நல்லா இருப்பீங்கய்யா."

காலையில ஆளுங்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுல அந்த உத்தரவை நான்தான் வாசிக்கணும்.