இடக்கைத் துவக்கு

சட்டன், லண்டன்
22 ஏப்ரல் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

எந்த வேட்டைத் துப்பாக்கி வாங்குவது என்ற உங்கள் கேள்விக்குப் பதிலை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லலாம் என்றுதான் இருந்தேன். "துவக்கு" என்று வாய் திறந்ததும் அம்மா போனைப் பறித்துவிட்டார். "உனக்கென்ன விசரே? தமிழாக்கள் போனில துவக்கு வாங்கிறதைப் பற்றிக் கதைச்சா, விடிய வாசலில பொலிஸ் நிக்கும்" என்றார். நோர்வேயில் எல்க் வேட்டைக்குத்தானே என்றேன். "அதை அவங்களுக்கு ஆர் விளங்கப்படுத்திறது? நீயோ?" என்று கேட்டார். அதனால் இனிமேல் கடிதம்தான். கடிதத்தைப் பொலிஸ் பிரிக்காதா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதுவும் போயிருக்கும்.

இங்குள்ள நூலகத்தில் வேட்டைத் துவக்குகள் பற்றி ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அதை நீட்டியபோது நூலகர் முதலில் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என் பள்ளிச் சீருடையைப் பார்த்தார். அது அமெரிக்கப் புத்தகம். நான்கு பக்கம் குறிப்பெடுத்த பிறகுதான் படத்தைக் கவனித்தேன். அவர்கள் எல்க் என்பது வேறொரு மான், அப்பா! நோர்வேயில், நம்சோஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வந்து அப்பிள் மரத்தைத் தின்ற, குதிரையைவிட உயரமான, மூக்குப் பெருத்த பிராணியை அவர்கள் மூஸ் என்கிறார்கள். என் நான்கு பக்கமும் வீண். நீங்கள் வேட்டைப் பரீட்சைக்குப் படித்த நோர்வேஜியப் பாடநூலை அனுப்பிவிடுங்கள்.

இனி, நீங்கள் பதில் சொல்லாத விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் எங்களை இங்கே கொண்டுவந்து விட்டபோது, "வாற சமருக்கு நானும் வந்திடுவன்" என்றீர்கள். அந்தக் கோடைகாலம் போய்விட்டது. ஸ்ட்ரெதமில் தவராசா மாமாவின் பெற்றோல் ஸ்டேஷனில் உங்களுக்கென்று வைத்திருக்கும் வேலையை ஆகஸ்ட் முடியும்வரைதான் வைத்திருப்பாராம். வேட்டை தொடங்குவது செப்டம்பர் இருபத்தைந்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கணக்கு வராது என்று நினைக்கிறீர்களா?

உங்கள் மகள்,
விதுஷா


நம்சோஸ்
7 மே 2006

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலையில் மதிய இடைவேளையில் வாசித்துச் சிரித்தேன். ஒட்வார் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டான். என் பகுதியில் சால்மன் மீன் வெட்டுகிறவன். எங்கள் வேட்டைக் குழுவுக்கு அவன்தான் தலைவன். அம்மா சொன்னதை மொழிபெயர்த்தேன். "இவ்வளவு கவனமான ஆள் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை, அவவைச் சேர்த்துவிடு" என்றான்.

பிள்ளை, இங்கே ஒரே பிரச்சினை. ஆறரை மில்லிமீற்றர் தோட்டா போதும் என்று ஒட்வார் சொல்கிறான். முப்பது-நோட்-ஆறு என்ற பெரிய தோட்டாவுக்குக் குறைந்ததைக் கையால் தொடாதே என்று குழுவில் இன்னொருவனான ஷெல் சொல்கிறான். நேற்று இருவரும் கோப்பியை ஆறவிட்டுச் சண்டை பிடித்தார்கள். ஷெல்லின் துவக்கால் சுட்டுப் பார்த்தேன். தோள் கன்றிவிட்டது. நூறு மீற்றரில் நிறுத்தியிருந்த எல்க் படத்தில் ஒரு குண்டுகூடப் படவில்லை. "யோகா, அந்த எல்க் கிழடாகித்தான் சாகும்" என்று பகிடி பண்ணினார்கள். ஓகஸ்டுக்குள் சூட்டுப் பரீட்சையில் தேறாவிட்டால் காட்டுக்குள் போக முடியாது. நீ வாசித்துச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை. பாடநூலும் இத்துடன் வருகிறது.

வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா


சட்டன்
21 மே 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

"பிறகு எழுதுகிறேன்" என்பது பதில் இல்லை.

பாடநூலை இரண்டு தரம் வாசித்துவிட்டேன். மறந்துபோன நோர்வேஜிய மொழி திரும்பி வந்துவிட்டது. ஆனால் நுரையீரல், விலா எலும்பு போன்ற சொற்கள்தான் வந்திருக்கின்றன. வேறு யாரோடும் பேச உதவாது.

ஒட்வார் சொல்வதுதான் சரி. எல்க்குக்குச் சுடும் குண்டு ஒன்பது கிராமுக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். ஆறரையில் பத்துக் கிராம் குண்டு கிடைக்கிறது. உடம்புக்குள் போனதும் விரியும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். முப்பது-நோட்-ஆறு பலம் கூடியதுதான், ஆனால் உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவருக்குப் பெரிய தோட்டாவால் என்ன பயன்? ஷெல்லிடம் இதைச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

குறி தவறுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். நீங்கள் எழுதுவது வலது கையால், மீன் வெட்டுவது இடது கையால். இதைச் செய்து பாருங்கள்: இரண்டு கண்ணையும் திறந்தபடி கையை நீட்டி, தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பெருவிரலால் மறையுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது விரல் விலகிப் பாய்கிறதோ, அதுதான் உங்கள் குறிபார்க்கும் கண்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: துவக்கு வாங்க வேண்டாம். இரவல் எடுங்கள். எழுத்தில் கொடுத்தால் நான்கு வாரம்வரை இரவல் கொடுக்கலாம் என்று உங்கள் நூலிலேயே இருக்கிறது. இந்த வருடம் ஆசை தீர வேட்டையாடிவிட்டு ஒக்டோபர் முடிய வாருங்கள். வேலையை அதுவரை வைத்திருக்க மாமாவிடம் நானே தவணை கேட்டேன். "கொப்பருக்கு மான் முக்கியமோ, மனுசி முக்கியமோ?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். "அதென்ன, மானை முதல்ல வைச்சுச் சொல்லுறாய்?" என்றார். நான் வைக்கவில்லை, அவர்தான் வைத்தார். என்றாலும் ஓம் என்றுவிட்டார்.

உங்கள் மகள்,
விதுஷா


நம்சோஸ்
18 ஜூன் 2006

என் கெட்டிக்கார மகளுக்கு,

நீ ஒரு கண்மருத்துவர்! சாப்பாட்டு அறையில் உன் சோதனையைச் செய்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பெருவிரலை நீட்டத் தொடங்கிவிட்டார்கள். மேலாளர் உள்ளே வந்தபோது இருபது விரல்கள் அவரை நோக்கி நின்றன. எனக்கு இடது கண்தான். அன்று மாலையே ஒட்வாரின் ஆறரையை இடது தோளில் வைத்துச் சுட்டேன். ஐந்தில் நான்கு! ஷெல் தன் முப்பது-நோட்-ஆறைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

இரவலும் கேட்டுப் பார்த்தேன், பிள்ளை. ஆனால் குழுவில் உள்ள துவக்கெல்லாம் வலக்கைக்காரருடையவை. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த தோட்டாவை ஏற்ற, கையைக் குறுக்கே கொண்டுபோய் வலது பக்கத்தில் உள்ள தாழ்ப்பாளை இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் எல்க் சுவீடனுக்குப் போய்விடும். அதனால் இடக்கைத் துவக்கு ஒன்றுக்குச் சொல்லிவிட்டேன். பொலிஸ் அனுமதியும் வந்துவிட்டது. கடைக்காரனிடம் "இது என் மகளின் தெரிவு" என்றேன்.

எல்க் வரும்வரை பதுங்கிக் காத்திருக்கும் மேட்டுக் காவலிடத்தை ஒட்வார் எனக்குத் தருகிறான். அவனுடைய தகப்பன் இருந்த இடம். இத்தனை வருடமும் இந்த ஊரில் எல்க் இறைச்சியை ஒரு பையில் போட்டு என் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். இந்த முறை நானும் கத்தியோடு நின்று பங்கு போடுவேன்.

எந்த வகைக் குண்டு நல்லது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா


சட்டன்
2 ஜூலை 2006

அப்பாவுக்கு,

பார்த்து எழுத மாட்டேன்.

உங்கள் குழுவில் இடக்கைக்காரர் ஒருவரும் இல்லை. அப்படியென்றால் அந்தத் துவக்கை ஒக்டோபரில் யாருக்கு விற்பீர்கள்? இங்கே கொண்டுவந்து அம்மாவின் சாமியறையில் வைக்கவா போகிறீர்கள்? புறப்படப் போகிற மனிதர் வேறு யாருமே தூக்க முடியாத ஒன்றை வாங்குவாரா? நான் இரவல் எடுக்கச் சொன்னேன். அதே கடிதத்தில் அந்தக் கண் சோதனையையும் எழுதியது நான்தான். அதை நினைக்க நினைக்க எனக்கு என்மீதே எரிச்சலாக வருகிறது.

அம்மா அலுமாரியில் பாதியை உங்களுக்காக வெறுமையாக வைத்திருக்கிறார். என் புத்தகங்களை அங்கே வைக்கக் கேட்டேன். "அப்பான்ர இடம், வைக்காதை" என்றார். இரண்டு வருடமாகப் புத்தகங்கள் நிலத்தில் கிடக்கின்றன.

வருவீர்களா, மாட்டீர்களா? ஒரே சொல்லில் எழுதுங்கள். குண்டைப் பற்றி அதற்குப் பிறகுதான்.

விதுஷா


நம்சோஸ்
23 ஜூலை 2006

அன்பு மகளுக்கு,

மாட்டேன்.

எழுதிவிட்டேன். இப்போது கொஞ்சம் கூட எழுதவிடு. நாற்பத்தாறு வயதில் உன் மாமாவின் கவுண்டருக்குப் பின்னால் நின்று, அவர் காட்டும் தட்டில் பிஸ்கட் அடுக்க என்னால் ஏலாது. அவர் நல்ல மனிதர். ஆனால் எனக்கு வேலை தந்ததை ஒவ்வொரு கலியாண வீட்டிலும் சொல்லுவார். இங்கே என் சொல்லைக் கேட்டுப் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். நீங்கள் இருவரும் திரும்பி வருவதென்றால் வீடு இருக்கிறது. அங்கே தமிழ்ச் சனத்தோடு இருப்பதை அம்மா விடமாட்டா என்றும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லத்தான் போனை எடுக்கிறேன். அம்மா "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பா. நான் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். நீ கெட்டிக்காரி, பிள்ளை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

துவக்கு வந்துவிட்டது.

அப்பா


சட்டன்
6 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதினால் குண்டைப் பற்றிச் சொல்வேன் என்றேன். அதை முதலில் முடித்துவிடுகிறேன். பத்துக் கிராம், ஈய நுனி வெளியே தெரியும் வகை. பரீட்சைக்குப் பழகும் அதே வகைப் பெட்டியையே வேட்டைக்கும் வாங்குங்கள். குண்டு மாறினால் குறியும் மாறும். பிராணி பக்கவாட்டில் திரும்பி நிற்கும்வரை பொறுத்திருங்கள். பட்டதும் விழாவிட்டால் உடனே பின்னால் ஓடக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். துவக்கைத் தெரிவு செய்து தந்தேன், மாமாவிடம் தவணையும் கேட்டுத் தந்தேன். இதைச் செய்து தர என்னால் ஏலாது. நான் சொன்னால் அம்மா என்னைத்தான் திட்டுவார், நான்தான் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்பார், பிறகு உங்களுக்குப் போன் எடுப்பார். நீங்கள் மழையைப் பற்றிச் சொல்வீர்கள். அப்படியே இன்னும் ஒரு சமர் போய்விடும்.

எனக்கு உங்கள்மேல் கோபம்தான். ஆனால் மாமாவின் கவுண்டருக்குப் பின்னால் உங்களை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் பிடிக்கவில்லை. இதை அம்மாவுக்கு எழுதுங்கள். எனக்கு எழுதியது போலவே, அந்த ஒரு சொல்லை முதலில் எழுதுங்கள்.

இத்துடன் ஒரு கடித உறை வைத்திருக்கிறேன். அம்மாவின் முழுப் பெயரையும் விலாசத்தையும் வடிவாக எழுதியிருக்கிறேன், இனி உறை இல்லை என்று சாட்டுச் சொல்ல ஏலாது. முத்திரை மட்டும் ஒட்டவில்லை. எங்கள் முத்திரை உங்கள் நாட்டில் செல்லாது.

உங்கள் மகள்,
விதுஷா