பன்னிரண்டாயிரம் வோட்ஸ்

02.02.2025, ஞாயிறு

நடன வகுப்புக்கு ஒரு சோடி ஸ்பீக்கர் வேண்டும் என்றுதான் கேட்டேன். தம்பி நிதுர்ஷன் கொண்டுவந்து இறக்கியிருப்பது கல்யாண மேடைக்கானது. இடுப்பளவு கறுப்புப் பெட்டி ஒன்று, கூடவே நாலு குட்டிகள். சுவிட்சைப் போட்டால் நீலமும் சிவப்புமாக மின்னுகிறது. மட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 12,000 வோட்ஸ். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் சின்ன ஸ்டிக்கரில் மின்சாரம் 60 வோட்ஸ் என்று இருக்கிறது. அறுபதைக் குடித்துவிட்டுப் பன்னிரண்டாயிரம் கொடுக்குமாம். அச்சடித்து விற்கிறவனுக்கும் வெட்கமில்லை, வாங்கி வருகிறவனுக்கும் இல்லை.

ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும் என்கிறான். ஆற்றங்கரையில் யார் ஆடப் போகிறார்கள்? வகுப்பு நடப்பது என் வீட்டு ஹோலில்.

வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து போனில் வொய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். "நல்லதா வாங்கு. சித்திரைக்கு வரக்குள்ள நானும் கேக்கணும்." மூன்று வருடமாகச் சித்திரைக்கு வருகிறார், வந்தபாடில்லை. இந்த முறை கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகள் தனுஷியா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள். இந்த முறையும் ஏமாந்தால் பிள்ளை தாங்கமாட்டாள். நானும்தான்.

05.02, புதன்

புதுப் பெட்டியோடு முதல் வகுப்பு. நாசம். மிருதங்கத்தின் வலது பக்கத் தட்டு ஒன்றும் கேட்கவில்லை, இடது பக்கம் மட்டும் தும் தும் என்று வயிற்றில் இடிக்கிறது. தாளக்கட்டை எங்கே போனதென்றே தெரியவில்லை. பிள்ளைகள் இடி விழுந்த இடத்தில் காலைத் தட்டுகிறார்கள். அவர்களைப் பேசி என்ன பயன்? பேசினேன், பிறகு பாவமாக இருந்தது.

பக்கத்து வீட்டு இரத்தினம்மா அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். சத்தம் கூடிவிட்டது, ஏசத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "நல்ல சாமான் புள்ள, எங்கட வீட்டுக் கோப்பையெல்லாம் ஆடுது" என்றார். பாராட்டுகிறாராம்.

09.02, ஞாயிறு

அவருடைய வொய்ஸை அந்தப் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. என் புருசனின் குரல் இதுவல்ல.

15.02, சனி

பெட்டியைக் கட்டி ஆட்டோவில் ஏற்றி, அதை வாங்கிய காத்தான்குடிக் கடைக்கே கொண்டுபோனேன். முதலாளி நௌஷாட் நல்ல மாதிரி, என்னைவிட இளையவர். திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வேறு ஒன்றைப் போட்டுக் காட்டினார். போட்டுவிட்டு, "டீச்சர், ரோட்டுக்கு அங்கால போய் நிண்டு கேளுங்க. எல்லாரும் அப்பிடித்தான் பாக்குற" என்றார்.

உண்மைதான். நான் நிற்கும்போதே ஒரு குடும்பம் வந்தது. தகப்பனும் மகனும் வாகனங்களுக்கு நடுவால் வீதியைக் கடந்து, எதிரே இருந்த புடவைக் கடை வாசலில் நின்று தலையை ஆட்டினார்கள். அங்கே கேட்டால் நல்ல சாமான், கேட்காவிட்டால் கூடாத சாமான். வீட்டுக்குள் வைத்துக் கேட்கிறதை வீதிக்கு அப்பால் நின்று சோதிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்காகவா வாங்குகிறார்கள்? ஓம், அவனுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

நான் கடந்து போகவில்லை. ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்து, என் போனில் இருந்த மிருதங்கப் பதிவைப் போடச் சொன்னேன். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், பார்க்கட்டும். ஒவ்வொன்றாகப் போட்டார். எல்லாம் ஒரே இடி. கடைசியில் மேல் தட்டில் தூசி பிடித்துக் கிடந்த மரப்பெட்டிச் சோடி ஒன்றைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். அது விலை போகாதது, வீதிக்கு அப்பால் நின்றால் ஒன்றும் கேட்காது என்றார். இறக்கச் சொன்னேன்.

போட்டதும் என் கை தானாகத் தாளம் போட்டது. வலது தட்டு வேறாக, இடது தட்டு வேறாகக் கேட்டது. வாசித்தவர் விரலை எடுத்து வைப்பது வரைக்கும் கேட்டது. மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இடிப் பெட்டியைவிட மலிவு. நல்ல சாமான் மலிவாகக் கிடக்கிறது, ஏனென்றால் அது கத்தவில்லை.

16.02, ஞாயிறு

பொய் எழுதக்கூடாது. குறைகளும் இருக்கின்றன. பாட்டு ஓடாத நேரத்தில் மெல்லிய இரைச்சல் ஒன்று வருகிறது. சத்தத்தைக் கூட்டினால் பாடுகிறவரின் 'ச' எல்லாம் காதைக் கீறுகிறது. தவில் என்றால் பாதிதான் வரும். சுவரோடு ஒட்டி வைத்தபோது குரல் மந்தமாக இருந்தது. சுவரிலிருந்து தள்ளி, பிள்ளைகளின் ஸ்டூல்களில் காது மட்டத்துக்கு வைத்தேன், தெளிந்துவிட்டது. கொடுத்த காசுக்கு இதைவிட எதிர்பார்ப்பது பேராசை.

வகுப்பில் இன்று ஒருத்தியும் தாளம் பிசகவில்லை.

18.02, செவ்வாய்

நிதுர்ஷனுக்குக் கோபம். அத்தான் வரும்போது இந்தச் சின்னப் பெட்டிகளைப் பார்த்து என்ன நினைப்பார் என்கிறான். எனக்குக் காது இருக்கிறது என்று நினைப்பார்.

01.03, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் அவருடைய வொய்ஸ் வந்தது. போன் ஸ்பீக்கரோடு இணைந்திருந்ததால் ஹோலில்தான் பேசியது. போட்டுவிட்டு அடுப்படியில் நின்று கேட்டேன். டிக்கெட்டுக்குச் சொல்லியாகிவிட்டதாம், ஏப்ரல் பத்தாம் திகதி வந்து இறங்குவாராம், அங்கே இப்போதே வெயில் தாங்கவில்லையாம். பேச்சுக்கு நடுவே, வீதி வீதியாகப் பேக்கரிப் பாணும் பணிசும் விற்றுவருகிற பாண் ஆட்டோவின் பாட்டுக் கேட்டது. தனுஷியாவுக்குப் பணிஸ் வாங்கலாம் என்று சில்லறையை எடுத்துக்கொண்டு கேற்றடிக்கு ஓடினேன். வீதியில் ஆட்டோ இல்லை. இரத்தினம்மா அக்கா வாசல் கூட்டிக்கொண்டு நின்றார். பாண்காரன் போய்விட்டானா என்று கேட்டேன். அவன் இன்னும் இந்தப் பக்கமே வரவில்லை என்றார்.

உள்ளே வந்து திரும்பப் போட்டேன். பாட்டு அவருடைய குரலுக்குப் பின்னால் இருக்கிறது. போனில் மட்டும் போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன், கேட்கிறது. தூரத்தில் வந்து, கிட்டவாகி, போகிறது.

கட்டாரில் எங்கே ஓடுகிறது பாண் ஆட்டோ?

02.03, ஞாயிறு

பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிட்டு ஸ்டூலை நடுவில் போட்டு உட்கார்ந்தேன். அழிக்காமல் வைத்திருந்த வொய்ஸ் எல்லாவற்றையும் பழையதிலிருந்து கேட்டேன். போன ஐப்பசி வரைக்கும் பின்னால் ஏசியின் ஒரே சீரான உறுமல். அதற்குப் பிறகு ஏசி இல்லை. சுற்றும்போது டக் டக் என்கிற ஒரு ஃபேன். காகம். ஒன்றில் பஸ் கொண்டக்டர் ஒருவன் சிங்களத்தில், கொழும்பில் இருக்கிற மருதானைக்கு ஆள் கூப்பிடுகிறான். அதே வொய்ஸில் இவர் எனக்குப் பாலைவனத்துப் புழுதிக் காற்றைப் பற்றிச் சொல்கிறார்.

ஒரு பெண் குரல் இருக்கிறதா என்று தேடித் தேடிக் கேட்டேன். வளையல் சத்தம், பிள்ளை அழுகிற சத்தம், ஏதாவது. இல்லை. இல்லை என்றதும் நிம்மதி வரவேண்டுமே? வரவில்லை. இத்தனை மாதமாக என்னை என்ன செய்து வைத்திருக்கிறார் இந்த மனிசன்.

"இண்டைக்குப் பாண் வாங்கினீங்களா?" என்று மட்டும் வொய்ஸ் அனுப்பினேன்.

03.03, திங்கள்

கேட்டுவிட்டார். நீலக் குறி விழுந்திருக்கிறது.

05.03, புதன்

அழைத்தார், இலங்கை நம்பரில். மறைக்க அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. கம்பனி ஆட்களைக் குறைத்ததாம். கார்த்திகைக்கு முன்பே வந்து இறங்கிவிட்டாராம். கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறார், மேல்மாடியில் படுக்கை. அனுப்பிய காசு அந்தக் கூலிதான். ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டேன். "உன்ர வீட்டுக்கு வெறுங்கையோட எப்பிடி வாற?" என்றார்.

என்ர வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், கட்டியவர் அங்கே வந்து இருப்பார். அது ஊர் வழக்கம், நான் கண்டுபிடித்ததில்லை. இவர் கிணற்றுக் கட்டைக் கட்டினார், கூரையை மாற்றினார், இந்த ஹோலுக்குச் சீமெந்து பூசினார். அப்போதெல்லாம் எங்கட வீடு. வேலை போனதும் என்ர வீடாகிவிட்டதா? நான் ஒருநாளாவது அப்படிச் சொன்னேனா? என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததா? எட்டு மணித்தியாலப் பயணத்தில் இருந்துகொண்டு பாலைவனக் கதை சொல்லியிருக்கிறார். நானும் மண் புழுதி நெஞ்சுக்குக் கூடாது, மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நினைக்க நினைக்கப் பற்றி எரிகிறது.

09.03, ஞாயிறு

மன்னிப்புக் கேட்பார் என்று போனை எடுத்தால், திட்டம் சொல்கிறார்.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் வீட்டார் எல்லோரும் வான் பிடித்துக் கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போய்க் கூட்டிவருவது வழமை. நிதுர்ஷன் வான் பேசியும் வைத்துவிட்டான். இவர் கொழும்பு பெட்டாக் கடைகளில் சூட்கேசும் சவர்க்காரமும் சொக்லேற்றும் வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்பே எயார்போட்டுக்குப் போய், வந்து இறங்கும் சனத்தோடு கலந்து வெளியே வருவாராம்.

"நீ ஒண்டும் தெரியாத மாதிரி நிண்டாப் போதும்" என்றார்.

என் பிள்ளையைக் கம்பியடியில் நிறுத்தி, வராத பிளேனுக்குக் கை காட்ட வைக்க வேண்டுமாம். ஊர் பார்க்க வேண்டுமே! போனை வைத்துவிட்டேன். கையில் இருந்த கோப்பையைச் சுவரில் அடித்தேன். பிறகு நான்தான் கூட்டி அள்ளினேன்.

10.03, திங்கள்

அழைத்துச் சொன்னேன். "வான் வராது. வாறதெண்டா பகல் பஸ்ஸில வாங்க. சந்தியில, எல்லாரும் பாக்க இறங்குங்க."

ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் என்றேன். அப்படியென்றால் வராமலே இருந்துவிடுவேன் என்றார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

23.03, ஞாயிறு

ஒரு தகவலும் இல்லை.

29.03, சனி

தனுஷியா அப்பாவின் பிளேன் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். இன்னொரு பொய்யை இந்த வீட்டுக்குள் விட என்னால் முடியாது. உட்கார வைத்துச் சொன்னேன். வேலை போனது, கொழும்பில் இருப்பது, எல்லாம். அழுவாள் என்று பயந்தேன்.

"அப்ப ஏன் இன்னும் வரல்ல? பஸ் ஓடுதில்லையா?" என்று கேட்டாள்.

இந்தப் பிள்ளைக்குப் புரிகிறது. நாற்பத்தைந்து வயது மனிசனுக்குப் புரியவில்லை.

05.04, சனி

நிதுர்ஷனிடமும் சொல்லி வானை நிற்பாட்டச் சொன்னேன். அத்தானில் கோபப்படுவான் என்று பார்த்தால் என்னில் பாய்கிறான். ஒருநாள் வானில் போய் வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும், குடும்ப மானத்தைச் சந்தியில் வைக்கப் போகிறேனாம். அவனுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். தை மாதமே தெரியுமாம். அதைத் தெரிந்துகொண்டுதான், கட்டார்க் காசு என்று ஊர் நம்பட்டும் என அந்தப் பெட்டியையும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். அதற்குக் காசு கொடுத்தது அவரா இவனா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

10.04, வியாழன்

இன்றுதான் வருவதாகச் சொன்ன நாள். பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து கேற்றடியில் நின்றாள். பஸ்கள் போயின. அவர் வரவில்லை. நான் கடுமையாக நடந்துவிட்டேனா? வானை விட்டிருக்கலாமோ? இல்லை. இல்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

12.04, சனி

மதியம், வகுப்பு முடிகிற நேரம், பிள்ளைகளின் தாய்மார் எல்லோரும் வாசலில் நிற்கும்போது வந்தார். சந்தியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். ஒரு துணிப் பை. சூட்கேஸ் இல்லை. மெலிந்து போனார், கையெல்லாம் காய்ப்பு. தனுஷியா ஓடிப்போய்ப் பையை வாங்கினாள்.

இரத்தினம்மா அக்கா வேலியடிக்கு வந்து எப்போது பிளேன் இறங்கியது என்று கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் உதவவில்லை, வேறு பக்கமும் திரும்பவில்லை.

"பிளேன் இல்லக்கா. கொழும்பில இருந்து பஸ்ஸில வாறன். கட்டார் வேலை போய் அஞ்சாறு மாசமாயிற்று. மூட்டை தூக்கினன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு தாய், தன் தம்பிக்கும் அதே கம்பனியில் அதே கதைதான் என்றார். இரத்தினம்மா அக்கா, சாப்பிட்டாயா தம்பி என்று கேட்டார். நான் உள்ளே போய்ச் சோறு போட்டு மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் வந்துவிட்டேன். அவரோடு ஒரு சொல் பேசவில்லை. பேசினால் கத்திவிடுவேன்.

14.04, திங்கள். வருசப் பிறப்பு

பொங்கலுக்குப் பால் போதாது என்று, அவர் காதில் விழும்படி மகளிடம் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்தார். பின் ஒழுங்கையாலும் போகலாம், அந்தப் பக்கம் ஒருவரும் இருக்கமாட்டார்கள். சந்தியால்தான் போனார், கோயிலுக்குச் சனம் போகிற நேரம். திரும்பி வரச் சுணங்கியது. கோபத்தோடு கேற்றடிக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்தேன்.

வழி நெடுக மறித்துக் கேட்டார்களாம். நின்று நின்று எல்லோருக்கும் சொன்னாராம். சேட்டு வியர்வையில் ஊறிப்போயிருந்தது. பால் பைக்கற்றை என் கையில் தந்துவிட்டு, "நாளைக்கும் நான் போகவா?" என்று கேட்டார்.

"ஓம். அரிசியும் முடியுது" என்றேன்.