மோகனூர் அத்தியாயத்தின் கையெழுத்து

ஐயா,

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். எதிரில் நீங்கள் இருந்தபோது வாய் திறக்கத் தயங்கியவள், நீங்கள் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வரலாற்றுப் புத்தகத்தின் அச்சு மெய்ப்பு என் மடியில் கிடக்கிறது. புது மை வாசனை இன்னும் போகவில்லை. பொருளடக்கத்தில் எங்கள் ஊரைப் பற்றிய மோகனூர் அத்தியாயம் இல்லை.

தவறி விடுபடவில்லை, ஐயா. எடுத்துவிட்டார்கள்.

கல்லூரி முடித்த கையோடு, நாமக்கல்லில் உங்கள் வீட்டுக்குத் தட்டச்சு செய்ய வந்தேன். நீங்கள் உயர் நீதிமன்ற நீதிபதியாக ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்தீர்கள். சின்ன ஊர்களில் முன்சீப்பாக இருந்த காலத்திலேயே, கோர்ட்டு முடிந்ததும் பதிவறைக்குள் நுழைந்துவிடுவீர்களாம். மற்றவர்கள் பூப்பந்து ஆடிக்கொண்டிருக்க, நீங்கள் தும்மிக்கொண்டே பழைய வழக்குக் கட்டுகளைப் பிரிப்பீர்களாம். ஏரித் தண்ணீர், மடை, வண்டித்தடம், கோயில் மரியாதை என்று பல தலைமுறைத் தகராறுகள். அவற்றிலிருந்துதான் இந்தச் சீமையின் வரலாற்றை எழுதினீர்கள். “சண்டை போடறப்பத்தான் சாமி சனங்க மனசுல இருக்கறதப் பேசுவாங்க” என்பீர்கள்.

ஒவ்வொரு அத்தியாயமும் உங்களுக்கு ஒரு தீர்ப்பு. தோற்ற தரப்பின் வாதத்தை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் முடிவுக்கு வருவீர்கள். கடைசியில் கையெழுத்திட்டுத் தேதி போடுவீர்கள். அதன்பின் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற விடமாட்டீர்கள்.

மோகனூர் அத்தியாயத்தை முதலில் எழுதியபோது, வாய்க்கால் வழக்குகளையும் வயல் வழக்குகளையும் வைத்தே முடித்திருந்தீர்கள். தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் எப்படியோ சொல்லிவிட்டேன்.

“எங்க சனங்க இதுல ஒருத்தருமே இல்லீங்கய்யா.”

“சத்தமாச் சொல்லு சாமி. முணுமுணுப்பு ரெக்கார்டுல ஏறாது.”

“எங்க சனங்க கோர்ட்டுக்கே வந்ததில்லீங்க. அதனால உங்க புஸ்தகத்துலயும் இல்லீங்க.”

நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டச்சான பக்கங்களை என்னிடமிருந்து வாங்கி ஓரமாக வைத்தீர்கள். அந்த வாரமே எங்கள் வீட்டு வாசலில் உங்கள் கார் வந்து நின்றது. கரும்பு வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்த அம்மா, பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினாள்.

“ஏனுங்க சாமி, எம்மேல ஏதாச்சும் கேசுங்களா?”

“கேசு எம்மேலதானுங்கம்மா. உங்க புள்ளதான் போட்டிருக்குது.”

அம்மா சிரித்தாள். பிறகுதான் தாத்தாவின் சாவைச் சொன்னாள். காவிரியில் தண்ணீர் பெருகி, மயானத் தடம் முங்கியிருந்தது. மேட்டில் இருந்த கரும்புக்காட்டு வரப்பின் வழியாகப் போக, நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் விடவில்லை. கழுத்தளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கரையில் நின்ற அம்மா, அப்போது சின்னப் பெண், பாடையோடு ஆட்களும் போய்விடுவார்கள் என்று அலறியிருக்கிறாள்.

“ஏனுங்கம்மா, கேசு போடலையா?” என்றீர்கள்.

“போட்டுட்டு, மறுநாளு ஆரு காட்டுக்குங்க கரும்பு வெட்டப் போறது?”

அத்தியாயத்தைப் புதிதாக எழுதினீர்கள். முடிந்ததும் நான் வழக்கம்போல் பேனாவை நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை. “சாட்சி சொன்னதச் சாட்சிக்கே படிச்சுக் காட்டோணும். அவுங்க சரின்னு சொன்னாத்தான் கையெழுத்து. கோர்ட்டுல ஒரு நாயம், ஊட்டுல ஒரு நாயமா?” என்றீர்கள். தீபாவளிக்கு முன் மோகனூர் போகலாம் என்றும் சொன்னீர்கள். அதற்குள் உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

மெய்ப்பு வந்த அன்றே உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகனும் பதிப்புக் குழுவினரும் கூடத்தில் இருந்தார்கள். உங்கள் மகன் கோபமாகப் பேசவில்லை. “அப்பா கையெழுத்துப் போடாதது அவரோடது ஆகாதும்மா. அவரு பழக்கம் உனக்குத் தெரியாதா?” என்றார். குழுவின் பெரியவர் ஒருவர், மோகனூர்ப் பக்கம் கரும்புக்காடு உள்ளவர், “கூலிக்காரி சொன்னதெல்லாம் வரலாறுங்களா? எதுக்குங்க பழசக் கிளறிக்கிட்டு” என்றார்.

“படிச்சுக் காட்டறதுக்காகத்தான் வெச்சிருந்தாருங்க” என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை.

“காப்பி எடுத்துக்க சாமி” என்றார் பெரியவர்.

அந்த டம்ளரைத் தொடவில்லை, ஐயா. பயத்தினால் அல்ல. என் அம்மாவுக்கு நீங்கள் கொடுத்த மரியாதையையே காரணம் காட்டி அவளை வெளியே தள்ளுகிறார்கள். எந்த வரப்பில் பாடையை விடவில்லையோ, அந்த வரப்பிலிருந்தே இன்றும் அவளை இறக்கி விடுகிறார்கள். பின்னட்டையில் உங்களை ‘எளியோரின் நீதியரசர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே எளியவர் ஒருவருக்கும் இடமில்லை. இதற்குப் பெயர் அஞ்சலியா?

நேற்று மோகனூர் போனேன். நீங்கள் செய்ய இருந்ததை நான் செய்தேன். அத்தியாயத்தை அம்மாவுக்கு முழுதும் படித்துக் காட்டினேன். கைகளைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் நிற்பவளைப் போல் கேட்டாள். முடிந்ததும், “மோரு உட்டுப்போச்சே” என்றாள்.

“என்ன மோரும்மா?”

“திரும்பி வாரப்ப, அந்தக் காட்டுக்காரரு ஊட்டம்மா வேலியோரமா ஒரு கொடம் மோரு வெச்சிருந்தாங்க. அவரு கண்ணுல படாம. அதையும் போடு. ஒரு பக்கமா எழுதுனா ஐயா ஒத்துக்கமாட்டாரு.”

இவள் சொன்னதைத்தான் வரலாறு ஆகாது என்கிறார்கள்.

வருகிற ஞாயிறு குழு கடைசியாகக் கூடுகிறது. அழைக்காவிட்டாலும் போவேன். நீங்கள் சொன்ன மாதிரி, ரெக்கார்டில் ஏறும்படி சத்தமாகவே பேசுவேன். கையெழுத்து எங்கே என்று மறுபடியும் கேட்பார்கள்.

அதற்காகத்தான் இந்த மடல். ஆரம்பத்திலேயே கேட்கத் துணிவு வரவில்லை. மோர்க் குடத்தை ஒரு வரியில் சேர்த்துவிட்டேன். கையெழுத்தாகாத பக்கம் என்பதால் நீங்கள் கோபிக்கமாட்டீர்கள். உங்கள் கையெழுத்துக்காக விட்ட இடம் மட்டும் கீழே வெறுமையாக இருக்கிறது. அம்மாவுக்கு வேறெதுவும் எழுத வராது, தன் பெயரை எழுதுவாள்.

அந்த இடத்தில் எழுதட்டுங்களா, ஐயா?